சொட்டு மருந்தும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கைச் செயலாளர் அவர்கள் வாசித்து முடித்துவிட்டார்கள். அதன்பின் இமாம் எழுந்து தொழுகையைப் பற்றியோ, ஜகாத்தைப் பற்றியோ நான்கு வார்த்தை நசீஹத் செய்து துஆ ஓதி முடிப்பது வழக்கம். இன்று அந்த வழக்கத்திலிருந்து சற்று விலக அனுமதி கேட்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் நம் பள்ளிவாசல் வாசலுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரும் சுகாதார ஆய்வாளர் ஒருவரும் வந்தார்கள். அவர்கள் கேட்டவை மூன்று. குழந்தைகளுக்கான தடுப்பூசி நாளை ஜும்ஆவில் அறிவிக்க வேண்டும். காசநோய் கண்டறியும் எக்ஸ்ரே வண்டி வரும் நாளில் நம் மதரஸா கூடத்தைத் தர வேண்டும். நம் ஹவுளில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "பொதுக்குழுவில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று நிர்வாகம் பதில் அளித்தது. முறையான பதில்தான். ஆனால் பொதுக்குழு இன்று கூடியிருக்கிறது. ஆகவே என்ன சொல்லி அனுப்புவது என்பதை இன்றே பேசியாக வேண்டும்.

நம்மில் சிலர் என்னிடம் தனியாகக் கேட்டார்கள்: "ஹஜ்ரத், இது பள்ளிவாசலின் வேலையா? நோய் தருபவனும் அல்லாஹ், குணம் தருபவனும் அல்லாஹ். நாம் ஏன் இதில் தலையிட வேண்டும்?" இக்கேள்வி புதியதன்று. சஹாபாக்கள் காலத்திலேயே கேட்கப்பட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணம் செய்தபோது, ஸர்க் என்னும் இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. உமர் (ரலி) தாமாக முடிவெடுக்கவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்ஸார்களை அழைத்தார்கள், அவர்களும் அப்படியே. பின்பு குறைஷிகளில் மூத்தோரை அழைத்தார்கள்; அவர்கள் ஒருமித்துத் திரும்பிவிடச் சொன்னார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வருந்திக் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கியே போகிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) பதிலுரைத்து, ஒட்டகம் மேய்ப்பவன் காய்ந்த சரிவை விட்டுப் பசுமையான சரிவுக்கு ஓட்டிச் செல்வதை உதாரணமாகக் காட்டினார்கள். அந்நேரம் அங்கு வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து தப்பி வெளியேறவும் வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை எடுத்துரைத்தார்கள். அபூஉபைதா (ரலி) அவர்கள் பின்னர் அந்த அம்வாஸ் கொள்ளைநோயிலேயே வஃபாத்தானார்கள். அவர்கள் ஈமானை எவரும் குறைத்துப் பேச முடியாது. உமர் (ரலி) அவர்களின் தவக்குலையும் எவரும் குறைத்துப் பேச முடியாது. இங்கே நான் கவனிக்கச் சொல்வது அந்த ஆலோசனையின் முறையை. மூன்று குழுவினரைக் கூப்பிட்டுக் கேட்டபின்பே படை திரும்பியது.

இனி நம் நாட்டின் கதைக்கு வருகிறேன். இளம்பிள்ளை வாதம் என்று நம் பெரியவர்கள் சொன்ன போலியோவைச் சொல்கிறேன். நான் வேலூரில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், 1995 டிசம்பரில், நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் முறை தொடங்கியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பாகவே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் பேராசிரியர் ஜேக்கப் ஜான் அவர்களும் ரோட்டரி சங்கத்தினரும் சேர்ந்து அந்நகரத்தில் அதே முறையைச் செய்து பார்த்திருந்தார்கள் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. நாடித்துடிப்பு போல, ஒரே நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்து, இடைவெளி விட்டு மீண்டும் கொடுப்பது. கிறிஸ்தவ மருத்துவமனை, வணிகர்களின் சங்கம், அரசாங்கம், தெருவுக்குத் தெரு தொண்டர்கள் என்று கைகோத்த வேலை அது. தமிழகத்தில் இந்தப் பணி பெரும்பாலும் சலசலப்பின்றி நடந்தேறியது. சோதனை வந்தது வடக்கே, நம் சமுதாயம் நெருங்கி வாழும் மேற்கு உத்தரப் பிரதேசத்தில்.

2002-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,600 குழந்தைகள் போலியோவால் முடங்கினார்கள். அவர்களில் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தவர்கள். அம்மாநிலத்தில் முஸ்லிம்கள் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு; ஆனால் அவ்வாண்டு கால் முடங்கிய குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நம் வீட்டுக் குழந்தைகள். காரணம் என்ன? சொட்டு மருந்து குடித்தால் பிள்ளை பெருகாது, நம் இனத்தைக் குறைக்கவே கொண்டு வருகிறார்கள் என்ற வதந்தி. இவ்வதந்தியை நம்பியவர்களை அறிவிலிகள் என்று ஏளனம் செய்வது எளிது. நான் செய்யமாட்டேன். 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் அதே மாவட்டங்களில் ஆண்களைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்ததை அம்மக்கள் மறக்கவில்லை. வீட்டுக் கதவைத் தட்டும் அரசாங்கக் கையைக் கண்டால் அவர்கள் அஞ்சியதற்கு வரலாறு இருந்தது. இன்னொரு நியாயமும் இருந்தது. சாக்கடை வழிந்தோடுகிறது, குடிநீர் கெட்டுக் கிடக்கிறது, வயிற்றுப்போக்கில் குழந்தைகள் மடிகின்றன, அதற்கெல்லாம் யாரும் வருவதில்லை, இந்த இரண்டு சொட்டுக்கு மட்டும் மாதந்தோறும் ஏன் வருகிறார்கள் என்று தாய்மார்கள் கேட்டார்கள். கேட்டதில் தவறென்ன?

இந்த முடிச்சு காவல்துறையால் அவிழவில்லை. யூனிசெஃப் நிறுவனமும் தொண்டு நிறுவனங்களும் அந்தந்தத் தெருவில் வாழும் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பின. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா, ஜாமிஆ ஹம்தர்த் ஆகியவற்றின் ஆசிரியர்களும் மாணவர்களும் முஹல்லாக்களுக்குள் வந்து பேசினார்கள். உலமாக்கள் ஆதரவுக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டார்கள். இமாம்கள் தம் சொந்தப் பிள்ளைகளுக்கு மக்கள் முன்னிலையில் சொட்டு மருந்து புகட்டினார்கள். சொட்டு மருந்து நாளன்று காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்தே அறிவிப்பு சென்றது. அரசாங்கமும் தன் பங்குக்குத் திருந்தியது. 2009 முதல் உத்தரப் பிரதேசத்தில் 66, பீகாரில் 41 என மொத்தம் 107 ஒன்றியங்களைத் தனியே எடுத்துக்கொண்டு, சொட்டு மருந்தோடு குடிநீர், கழிப்பிடம், வயிற்றுப்போக்குக்கான மருந்து ஆகியவற்றையும் கவனிக்கத் தொடங்கினார்கள். தாய்மார்களின் கேள்விக்குத் தாமதமாகவேனும் கிடைத்த பதில் அது. 2010 ஜனவரியில் மேலும் வீரியமுள்ள புதிய சொட்டு மருந்தும் வந்து சேர்ந்தது.

விளைவைக் கேளுங்கள். 2009-இல் 741 குழந்தைகள். 2010-இல் 42. 2011-இல் ஒன்றே ஒன்று. அந்த ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள், மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு பெண் குழந்தை. அதன்பின் இயற்கையான போலியோ வைரஸால் இந்நாட்டில் ஒரு குழந்தையும் முடங்கவில்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அல்ஹம்துலில்லாஹ்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2003-இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் இதே வதந்தி கிளம்பியபோது, அங்கே தலைவர்களில் ஒரு பகுதியினர் மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். ஏறத்தாழ ஓராண்டு நிறுத்தினார்கள். முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தைத் தருவித்த பின்பே 2004-இல் மீண்டும் தொடங்கினார்கள். அதற்குள் அங்கிருந்து கிளம்பிய வைரஸ் எல்லைகளைக் கடந்தது. சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்டது. 2005-இல் அதே இந்தோனேசியாவுக்கே போய்ச் சேர்ந்து சுமார் முந்நூறு குழந்தைகளை முடக்கியது. மருந்து அனுப்பிய நாட்டுக்கு நோய் போய்ச் சேர்ந்தது. போலியோ உள்ள நாடுகளிலிருந்து ஹஜ், உம்ரா செல்வோர் சொட்டு மருந்து எடுத்திருக்க வேண்டும் என்று சவூதி அரசு விதி வைத்திருப்பதை நம் ஹாஜிகள் அறிவார்கள். இரு ஹரம்களின் காவலர்களே கேட்கும் ஒன்றை மார்க்கத்திற்கு முரண் என்று இங்கே ஒருவர் வாட்ஸ்அப்பில் சொன்னால் அவரை என்னவென்பது?

வாட்ஸ்அப் என்றதும் என் சொந்தக் குற்றம் நினைவுக்கு வருகிறது. அதை உங்கள் முன் சொல்லாமல் இந்த விஷயத்தில் பேச எனக்குத் தகுதியில்லை.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழகத்தில் நடைபெற்றது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பிள்ளைகளுக்குப் போட வேண்டியிருந்தது. அப்போது நான் வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். வியாழக்கிழமை மாலை ஒரு செவிலியர் வந்து, நாளை ஜும்ஆவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அன்றிரவே என் கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அந்த ஊசியால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று யாரோ ஒருவர், பெயரும் சொல்லாமல், அழுத்தம் திருத்தமாகப் பேசினார். அது பொய் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் ஊரில் பலருக்கும் அது போயிருக்கிறது, வீண் வம்பு எதற்கு என்று நினைத்தேன். ஜும்ஆவில் வேறு விஷயம் பேசினேன். ஊசிக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆதரவாகவும் சொல்லவில்லை. என் மௌனத்தை மக்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். "ஹஜ்ரத்தே ஒன்றும் சொல்லவில்லையே" என்று தெருவில் பேசிக்கொண்டதாகப் பின்னர் அறிந்தேன். மக்தபில் ஓதிய பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த ஊசி போடவில்லை. மறு வருடம் தட்டம்மை அத்தெருவில் இறங்கியது. என்னிடம் யாஸீன் மனனம் செய்துகொண்டிருந்த ஒரு சிறுமிக்குச் சளி நெஞ்சில் கட்டி, காதில் சீழ் வைத்து, பல நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அல்லாஹ் உயிரைத் தந்தான். ஆனால் ஒரு காது இன்றும் அவளுக்குச் சரியாகக் கேட்பதில்லை. அவளுடைய தந்தை என்னை ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அந்த ஊசியின் பயன் என்ன என்பதை நான் அதன்பின்புதான் உட்கார்ந்து கேட்டறிந்தேன். ரூபெல்லா என்பது பிள்ளைகளுக்கு வந்தால் சாதாரணமாகப் போய்விடும். கருவுற்ற பெண்ணுக்கு முதல் மாதங்களில் தொற்றினால் வயிற்றிலிருக்கும் சிசுவின் கண்ணையும் காதையும் இருதயத்தையும் பாதிக்கும். ஆக, இன்று ஒரு சிறுவனுக்குப் போடும் ஊசி, முன்பின் அறியாத ஒரு தாயின் பிள்ளையைக் காக்கிறது.

அடுத்தது காசநோய். இதில் நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு தனிப்பட்ட நோய் உண்டு. அதன் பெயர் மறைத்தல். வீட்டில் குமரிப்பெண் இருந்தால் தந்தையின் இருமலை யாரும் வெளியே சொல்வதில்லை. சம்பந்தம் தட்டிப்போய்விடும் என்ற பயம். பல ஆண்டுகளுக்கு முன் நான் குளிப்பாட்டிய ஒரு மய்யித்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. நாற்பது வயதுதான். மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போதுதான் அவருடைய மைத்துனர் என் காதோடு உண்மையைச் சொன்னார். மருந்து தொடங்கியிருக்கிறார், இரண்டாம் மாதமே உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டார். ஆறு மாதம் விழுங்க வேண்டிய மாத்திரையை இரண்டு மாதத்தில் நிறுத்தினால் கிருமி சாவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறித் திரும்பவும் வரக்கூடும். இலவசமாகக் கிடைத்த மருந்து அது. யாரேனும் ஒருவர் நாள்தோறும் "மாத்திரை போட்டீர்களா பாய்?" என்று கேட்டிருந்தால் போதுமாயிருந்தது.

நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை என்பதை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததே நம் சென்னைதான் என்பது பலருக்குத் தெரியாது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கின. அதுவரை காசநோயாளியைத் தனியான சானடோரியத்தில் சேர்த்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பியிருந்தது. சென்னையின் ஏழைக் குடும்பங்களின் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை நெருக்கடியான அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவில் குணமடைந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த மனைவி மக்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் அம்முடிவு வெளியானபின் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. முறையாக மருந்து விழுங்குகிறவர் விரைவிலேயே பிறருக்குத் தொற்றாதவராகிவிடுகிறார். அவரோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழ அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. மருந்து விழுங்காமல் மறைத்துக்கொண்டு நிற்பவர்தான் ஸஃப்புக்கு ஆபத்து.

பைத்துல்மால் பொறுப்பாளர்கள் இனிச் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு செய்தார்கள். காசநோயாளிகளின் வீடுகளில் இருந்த பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோரில், ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்ட குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்! ரமளானில் நாம் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் அதே பொருட்கள். அரசாங்கம் 2018 முதல் காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் உணவுக்காக வழங்கி, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ஆக்கியிருக்கிறது. 2022 முதல் தனி நபர்களும் அமைப்புகளும் நோயாளிகளுக்கு உணவுப் பெட்டகம் வழங்கப் பதிந்துகொள்ளும் நிக்ஷய் மித்ரா என்னும் திட்டமும் இருக்கிறது. நம் ஜமாஅத் அதில் சேர முடியும். ஒரு மஸ்அலாவைத் தெளிவுபடுத்துகிறேன். ஜகாத் பணத்தை ஏழை முஸ்லிம் நோயாளிகளுக்கே கொடுக்க வேண்டும் என்பது பெரும்பான்மை இமாம்களின் கருத்து. ஸதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. எந்த மதத்தவருக்கும் கொடுக்கலாம், நன்மை உண்டு. ஆகவே இதற்கெனத் தனி ஸதகா நிதி ஒன்று வைத்துவிட்டால் யாருக்கும் தயக்கம் இராது. நோயாளியின் பெயர் பைத்துல்மால் பேரேட்டில் எண்ணாக மட்டுமே இருக்க வேண்டும். பெயர் வெளியே வந்தால் இந்த ஏற்பாடே நோயாளிக்குத் தீங்காகிவிடும்.

முருகன் மலையும் மயில்களும் கொண்ட ஊர் நம் ஊர். நெடுஞ்சாலையில் திருச்சிக்கும் மதுரைக்கும் நாளெல்லாம் வண்டிகள் போகின்றன. சுற்றிலும் ஆலைகளில் வேலை செய்ய வெளியூர்ப் பிள்ளைகள் வந்து ஓர் அறையில் பலராகத் தங்குகிறார்கள். காற்றில் வரும் கிருமி தெருவைப் பார்த்தோ வேட்டியைப் பார்த்தோ வருவதில்லை. நம் மதரஸா கூடத்தில் எக்ஸ்ரே வண்டி நின்றால், மலையடிவாரத் தெருக்காரர்களும் வரட்டும், காலனிக்காரர்களும் வரட்டும். பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பணியாளரும் வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்வோம்.

ஹவுள் விஷயம் சிறியது. டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடும். அது நம் ஒளுச் செய்யும் தண்ணீர். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை தொட்டிகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வியாழக்கிழமை அஸருக்குப் பின் மோதினார் கழுவுகிறார். மேல்நிலைத் தொட்டியின் மூடி உடைந்து ஆறு மாதமாகிறது என்பதை அவர் சார்பில் நான் சொல்லிவிடுகிறேன். ஹவுளில் கம்பூசியா மீன் விடலாமா, தண்ணீர் நஜீஸாகுமா என்று கேட்கிறீர்கள். உயிருள்ள மீனால் தண்ணீர் அசுத்தமாகாது, தாராளமாக விடலாம்.

கடைசியாக நம் பக்கத்துக் கோரிக்கை. கூட்டு முயற்சி என்றால் இரு தரப்பும் கேட்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். உத்தரப் பிரதேசத் தாய்மார்கள் சாக்கடையைக் காட்டிக் கேட்டதைப் போல, நாமும் வரும் அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்போம். பள்ளிவாசல் தெருவின் வடிகால், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர் குழந்தைகளின் தடுப்பூசி, வயதானவர்களின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். நம் தெருவில் யார் யாருக்கு அது கிடைக்கவில்லை என்ற பட்டியலை நாமே தயாரித்துக் கொடுக்கலாம். வாலிபர்கள் நால்வர் ஒரு ஞாயிறு உட்கார்ந்தால் முடிகிற வேலை. ஒவ்வொரு மாதமும் நமக்குச் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தகவல் பலகையில் எழுதிப் போடுவோம். நடக்காததை மரியாதையாக மறுபடியும் கேட்போம்.

ஆகவே நான் முன்மொழிவது இதுதான்: மூன்று கோரிக்கைகளுக்கும் சம்மதம் என்று இன்றே தீர்மானம் போட்டு, நம் கோரிக்கைகளையும் அதே கடிதத்தில் சேர்த்து, நாளைக் காலை செயலாளர் அவர்கள் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். அடுத்த தடுப்பூசி நாள் அறிவிப்பை இன்ஷா அல்லாஹ் நானே ஜும்ஆவில் வாசிப்பேன். என் பேத்தியை முதல் ஆளாக அழைத்து வருவேன். மாறுபட்ட கருத்துள்ளோர் இப்போதே எழுந்து பேசலாம். வெளியே திண்ணையில் பேச வேண்டாம். வாலிபர்களில் பெயர் கொடுப்பவர்களுக்காக மோதினாரிடம் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இஷாவுக்கு முன் எழுதிவிட்டுச் செல்லுங்கள். வஸ்ஸலாம்.